மாடும் மணிக்கட்டும்

“மணிக்கு ஒருதரம் வேலைய நிறுத்திக் கைய உதறிக்க விடணும்.”

கேட்கவே கூடாது என்று பட்டறையில் எல்லோரும் எச்சரித்திருந்ததை நீலாம்பாள் கேட்டேவிட்டாள். மாட்டு மாலைக்கு நெட்டித் தண்டைச் சீவிச் சீவி அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

பட்டறை முதலாளி இராஜாங்கம் சிரித்தார். “மாட்டுப் பொங்கல் வந்துடுச்சு. மாலைக்கு மாடு காத்திருக்குமா?”

“மாட்டையே மத்தியானம் ஏர்லேருந்து அவுத்து விடுறாங்க. நான் பி.ஏ.! பட்டம் வாங்குன கை சொம்பத் தூக்க மாட்டேங்குது. இந்த அழகுக்கு வரலாறு வேற படிச்சேன்.”

“படிச்ச திமிரு! மத்த பொம்பளைங்க வாயத் தொறக்குறாங்களா?”

“அவங்களுக்கும் சேத்துத்தான் கேக்குறேன். விடலைன்னா சங்கத்துல புகார் குடுப்பேன்.”

“மாலை கட்டுறவ புகாரை எந்தச் சங்கம் கேக்கும்?”

“நடவாளுங்களுக்கு மத்தியான ஓய்வு வேணும்னு மிராசுதார் வாசல்ல கொடி பிடிச்ச சங்கம். அதுக்குத் தலைவரே நீங்கதான், அப்பா.”

செருப்பை மாட்டிக்கொண்டு சங்க ஆபீசை நோக்கி நடந்தாள்.