குழாய்க்கு மறுத்தவள்

எங்கள் இரண்டு சரக்குக் கிட்டங்கிகளுக்கும் நடுவே குளத்துக்குப் போகிற பொதுவழி ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு நாள் ஆள் நடக்காமல் போனாலும் அதன்பின் அது வழியல்ல, காலி இடம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். காலி இடத்தை என்ன செய்வதென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக விலை படிந்து, நாங்கள் போட்டுக்கொடுத்த குழாய்க்கு மாறினார்கள். வால்வு எங்கள் கிட்டங்கிக்குள் இருந்தது. செண்பகவடிவு மட்டும் தினமும் குடத்தோடு அந்த வழியே நடந்தாள். சுவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக் கட்டினோம். அவள் பக்கவாட்டில் திரும்பி நடந்தாள். பிறகு கர்ப்பமானாள். எங்கள் அவசரம் குறைந்தது.

"வீட்டுக்கே குழாய் போட்டுத் தாரேன் தாயி, எதுக்கு இந்தப் பாடு?" என்றார் முதலாளி சேர்மத்துரை அண்ணாச்சி.

"எனக்குப் போடுவீக அண்ணாச்சி. பெறகு வாறதுகளுக்கு?"

"பொறக்காத பிள்ளைக்குப் பேரம் பேசுத ஆள இப்பத்தான் பாக்கேன்."

சிரித்துக்கொண்டே அவள் வயிற்றைக் கண்ணால் அளந்துகொண்டார். மறுநாள் அவள் வருமுன் சுவர் மறுபடியும் நகர்ந்து, சாந்து ஈரமாக நின்றது. அவள் தயங்காமல் நுழைந்தாள். பாதி வழியில் சிக்கிக்கொண்டாள்.

"திரும்பிப் போயிரு தாயி, இன்னைக்கு ஒரு நாள்தானே!" கிட்டங்கிக்குள்ளிருந்து சுவரில் உள்ளங்கையை வைத்தபடி அண்ணாச்சி குரல் கொடுத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஏதோ ஒன்று அவர் கையை உதைத்தது. சின்ன உதைதான். அவர் கையை எடுக்க மறந்து நின்றார். மறுபடியும் உதைத்தது. செங்கல் ஒன்று அவரை நோக்கி நகர்ந்தது.