ரேடியேட்டர் மூடி

“மச்சான், கார் கொதிக்குது! முன்னாடி ஒரே புகை!” போனில் தங்கையின் கணவர் பதறினார்.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“பயப்படாதீங்க மாப்பிள்ளை. ஏசியை அணைச்சு ஓரங்கட்டுங்க. இன்ஜினை நிறுத்திட்டு பானட்டைத் தூக்குங்க.”

“தூக்கிட்டேன். ஆறுற வரைக்கும் மூடியைத் தொடக் கூடாதும்பாங்களே?”

“தெரியாதவங்க சொல்றது. சூட்டோட திறந்தாத்தான் இன்ஜின் பிழைக்கும். நல்லாக் குனிஞ்சு, ஒரே திருகாத் திருகுங்க.”

“நீங்க இல்லேன்னா என் கதி என்ன மச்சான்!”

அடுத்த நொடி, “ஐயோ, கண்ணு!” என்ற அலறல் கேட்டது. மெக்கானிக் போனை அணைத்தார்.

“அவராண்ணா?” என்றாள், எதிரே உட்கார்ந்திருந்த தங்கை. கழுத்திலிருந்து முழங்கை வரை அவளுக்குக் கட்டு. கொதிக்கிற தண்ணீர் கை தவறி அவள்மேல் கொட்டிவிட்டதாக மாப்பிள்ளை எல்லாரிடமும் சொல்லியிருந்தார். இந்த வருடத்தில் அவருக்குக் கை தவறியது இது மூன்றாவது தடவை.

“உன் வீட்டுக்காரர்தாம்மா. ஆறின பிறகு திறங்கன்னு சொல்ல வந்தேன்,” என்றபடி மெக்கானிக் ஸ்பானரை எடுத்தார். “வாய் தவறிடுச்சு.”