ஆளில்லாத பிராஞ்ச்

"நிசாந்தன், இஞ்சை வாரும். என்ர பிராஞ்சில உமக்கென்ன வேலை?"

கோசலாவின் கைப்பை இன்னும் தோளில்தான் தொங்கியது. பிள்ளைப்பேற்று லீவு முடிந்து, கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்த முதல்நாள்.

வேலணையில் மாடியில் இருக்கிற அந்தச் சின்னக் கந்தோரில் ஐந்து பேர் சேர்ந்து எழுதுவது, குறிகட்டுவானில் படகு ஏறுகிறவர்களுக்கான ஆசனப்பதிவுச் செயலி. அவரவர் பகுதியை அவரவர் பிராஞ்சில், அதாவது தனிப் பிரதியில், எழுதி, சரிவந்ததும் எல்லாருக்கும் பொதுவான மெயினில் மேர்ஜ் பண்ணிச் சேர்ப்பார்கள். அடுத்தவர் பிராஞ்சில் கை வைப்பதில்லை.

நெடுந்தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகளுக்கு ஆசனம் ஒதுக்குவது கோசலாவின் பகுதி. எழுதி முடித்தவள், மேர்ஜ் பண்ணமுதல் லீவில் போய்விட்டாள். இன்றைக்கு நாலு மணிக்குள் அது மெயினில் சேரவேண்டும். இல்லையென்றால் பகுதி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று பொறுப்பாளர் மாக்கிறேற் போனிலேயே சொல்லிவிட்டா.

வந்து திறந்து பார்த்தால், அவளுடைய கடைசி மாற்றப் பதிவுக்கு மேலே வரிசையாக நிசாந்தன், நிசாந்தன், நிசாந்தன். அறுபத்துமூன்று பதிவு!

"அக்கா, ஒருக்கா உள்ளுக்குத் திறந்து பாத்திட்டு..."

"பாத்தது காணும். உங்கட புங்குடுதீவில வெளிநாடு போனாக்களின்ர வீடு எத்தினை பூட்டிக் கிடக்குது? ஆளில்லை எண்டா உள்ளுக்குப் போய்ப் பாயை விரிக்கிறதோ?"

பக்கத்து மேசைகளில் சிரிப்பு. நிசாந்தனின் காது சிவந்துபோனது. தன் கதிரைக்குப் போனான்.

கோசலா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் போட்ட அறுபத்துமூன்றையும் ஒரே பிடியில் தூக்கி எறிந்தாள். பிராஞ்ச் அவள் விட்டுப்போன நாளுக்கே திரும்பியது.

"இப்ப பாப்பம்" என்று மேர்ஜைத் தட்டினாள்.

திரை முழுக்கச் சிவப்பு. நாற்பத்தொரு கோப்பில் மெயினின் வரிக்கும் அவளுடைய வரிக்கும் மோதல். மத்தியானம் தாண்டியும் ஐந்துதான் தீர்ந்தது. நாலு மணி என்ன, நாலு நாளும் காணாது.

மாக்கிறேற் வந்து எட்டிப் பார்த்தா.

"என்ன பிள்ளை இது? காலமை பாக்கேக்க ஒரு மோதலும் இல்லையே!"

"நிசாந்தன் போட்டதுகளை எடுத்து எறிஞ்சனான், அக்கா."

"ஐயோ! நீர் லீவில நிக்கேக்க புதுச் சட்டம் ஒண்டு வந்தது. முப்பது நாள் அசையாமல் கிடக்கிற பிராஞ்சை அழிச்சுப்போடுவினம். மெயினும் இப்ப நீர் விட்டிட்டுப் போன மெயின் இல்லை. அதில வந்த புதுசை எல்லாம் அவன் நாளாந்தம் உம்மட பிராஞ்சுக்குள்ள சேர்த்துக்கொண்டு வந்தவன். நீர் வந்து நேர மேர்ஜ் பண்ணட்டுமெண்டுதான்."

கோசலா எழும்பி நேரே அவன் மேசைக்குப் போனாள்.

அவள் கேட்கமுதலே அவன் சொன்னான்: "என்ர கம்ப்யூட்டரில ஒரு பிரதி கிடக்கு, அக்கா. திருப்பி அனுப்பட்டோ?"

"அனுப்பும், ராசா."

மூன்று பத்துக்கு மேர்ஜ் ஆனது. ஒரு மோதலும் இல்லை. 'நெடுந்தீவு நோயாளர் ஆசனம் - கோசலா' என்று மெயினில் பெயர் விழுந்தது.

அதன்பிறகுதான் அந்த அறுபத்துமூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மெயினின் வரியும் அவளுடைய வரியும் மோதிய கோப்பு நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றிலும் அவளுடைய வரி அப்படியே நின்றது; புதுசை அதற்கேற்றமாதிரித்தான் அவன் சேர்த்திருந்தான்.

"நிசாந்தன், எல்லாருக்கும் முன்னால கதைச்சுப்போட்டன். எல்லாருக்கும் முன்னாலயே சொல்லுறன், பிழை என்னில. ஆனா நீரும் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்தானே?"

"சொல்ல விட்டனீங்களே?" இந்தமுறை அவன்தான் சிரித்தான். "எங்கட அம்மா மூண்டு வீடு பாக்கிறா, அக்கா. எல்லாம் கனடாக்காரர் வீடு. முற்றம் கூட்டுறதும் பின்னேரத்தில வாசலில விளக்கு வைக்கிறதும்தான் எங்கட வேலை. பாய் விரிச்சதில்லை."