பின்பக்கத்துக் காம்பரா

“இன்னும் ஒண்ணு கொறையுதே அக்கா” என்று சொல்வதற்குள் சுதர்ஷினிக்கு நாக்கு கூசியது. நாலாவது தடவையாக அதே வாக்கியம், அதே ஆளிடம்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜீவராணி நின்றாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். வீட்டோடு சேர்த்து ஓர் அறை கட்ட அனுமதி கேட்டு, ஆடி மாதத்திலிருந்து இந்தப் பிரதேச சபையின் படியை ஏறி இறங்குகிறாள்.

முதல் தடவை காணி உறுதியின் பிரதி இல்லை. அடுத்த தடவை அது வந்தது, நில அளவைப் படம் வரவில்லை. அதற்கடுத்த தடவை படமும் வந்தது, வரைபடத்தில் மூன்று பிரதிக்கு இரண்டுதான் இருந்தது. பூரணமான விண்ணப்பம் மட்டுமே ஏற்கப்படும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியவர் யாரோ, திட்டு வாங்குவது என்னவோ சுதர்ஷினிதான்.

“இன்னைக்கு என்ன மிஸ்?”

“வரி கட்டின ரசீது.”

ஜீவராணி கோபப்படவில்லை. அதுதான் சுதர்ஷினிக்குத் தாங்கவில்லை. கத்திவிட்டுப் போகிறவர்களை அடுத்த நிமிடமே மறந்துவிடலாம். இவளோ தாள்களை ஒவ்வொன்றாகப் பொலித்தீன் பைக்குள் அடுக்கிக்கொண்டே எப்போதும் கேட்கிற ஒரே கேள்வியைக் கேட்டாள்.

“மழைக்கு முன்னாடி கடுதாசி கெடைச்சிரும்ல மிஸ்? மூணும் பொம்பளப் புள்ளைங்க.”

மழை இறங்கிவிட்டால் சுவர் எழுப்ப முடியாது, பாவம் என்று சுதர்ஷினி நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது தடவை ரசீதும் வந்தது. சுதர்ஷினி வரைபடத்தை விரித்தாள். பண்டாரவளையில் வீட்டுப்படம் போடுகிற ஹாஷிம் நானா வரைந்தது, கோடெல்லாம் சுத்தமாக இருந்தது. ஆனால் அறையை வீட்டின் பின்புறம், மேட்டை ஒட்டிக் கொண்டுபோய் வைத்திருந்தார்.

“முன்னுக்கு இவ்வளவு எடம் கெடக்கே அக்கா. அங்க போட்டா லேசா முடிஞ்சிருமே?”

“இல்ல மிஸ். காம்பரா பின்னாடியே இருக்கட்டும். மேட்டை ஒட்டியே இருக்கட்டும்.”

“அப்போ மண்சரிவு ஆபீஸ்ல இருந்து வந்து மலையைப் பாக்கணும். அவங்க அறிக்கையையும் வச்சாத்தான் விண்ணப்பம் பூரணமாகும்.”

“வருவாங்கல்ல? எப்ப மிஸ் வருவாங்க?”

“வரிசையில நெறயப் பேரு இருக்காங்க. தை பொறந்துரும்.”

ஜீவராணியின் கண் கலங்கியது. இத்தனை தடவையில் அவள் அழுதது அன்றுதான். “தை வரைக்கும் தாங்காது மிஸ்” என்றாள்.

அன்று மத்தியானம் சுதர்ஷினிக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பாவும் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர்தான். இந்தக் கதிரையில் உட்கார்ந்து என்ன பிரயோசனம், ஒருத்திக்கு ஒரு காம்பரா வாங்கிக் கொடுக்க வக்கில்லையே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

பழைய சுற்றறிக்கைகளைக் கிளறினாள். மூன்றாம் நாள் ஒரு வரி அகப்பட்டது. மிகச் சிறிய சேர்க்கைக் கட்டடமென்றால், இடம் உகந்தது என்று சபை உத்தியோகத்தர் தன் பொறுப்பில் எழுதிக் கொடுக்கலாம், அறிக்கை தேவையில்லை. பத்துக்கு எட்டு அடி அறை அதற்குள் கச்சிதமாக அடங்கியது.

செயலாளர் தலையைச் சொறிந்தார். “பிரச்சினை வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன் சேர்” என்று கையெழுத்துப் போட்டாள். ஒன்பது வருஷ உத்தியோகத்தில் அவள் துணிந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஐப்பசி முதல் வாரம், வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஜீவராணி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். சுதர்ஷினி எழுந்து, தடுப்பைச் சுற்றி வெளியே வந்து, கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தாள்.

“அனுமதி கெடைச்சிருச்சு அக்கா! நாளைக்கே வேலையத் தொடங்கலாம்.”

ஜீவராணி கடிதத்தைப் பார்க்கவில்லை. சுதர்ஷினியின் முகத்தைப் பார்த்தாள்.

“மலையைப் பாக்க யாரும் வரலியே மிஸ்?”

“வரவே வேணாம்னு நானே முடிச்சுட்டேன். இனி ஒங்களுக்கு அலைச்சலே இல்ல.”

ஜீவராணி அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் கால் துவண்டுவிட்டது என்று நினைத்து சுதர்ஷினி தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் அதை வாங்கவில்லை.

“காம்பரா யாருக்கு மிஸ் வேணும்? வீட்டுக்குப் பின்னாடி நெலம் கை நொழையிற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கு. ஆபத்தான எடம்னு எழுத்துல காட்டினாத்தான் வேற எடம் குடுப்பாங்களாம். சும்மா கூப்பிட்டதுக்கு ஒருத்தரும் வந்து பாக்கல. கட்டணும்னு கேட்டா வந்து பாத்து, முடியாதுன்னு எழுதிக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்.”

சுதர்ஷினி கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அதன் பிரதிகள் காலையிலேயே தோட்டத்துக்கும் கிராம சேவகருக்கும் போய்விட்டன என்பது நினைவுக்கு வர, நீட்டிய கை அப்படியே நின்றது.

ஜீவராணி அந்தத் தாளை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தாள்.

“நல்ல எடம்னு எழுதிட்டீங்களே மிஸ்.”