மாத்திரை போதும்

டாக்டர் மேசைமேல் மாத்திரை அட்டையை ஒரு பக்கமும் ஊசி மருந்தின் பெட்டியை மறுபக்கமும் வைத்தார்.

“நீங்கதான் சொல்லணும்.”

ஐந்து வயதுக் குழந்தையின் குடலில் ஒரு வருடமாகப் புண். மாத்திரை மென்மையானது. ஊசி புண்ணோடு சேர்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும். பிறகு சாதாரணச் சளிக்குக்கூடப் பயப்பட வேண்டும். ஆனால் மாத்திரைக்கு அடங்காத புண்ணை மாத்திரையிலேயே விட்டுவைத்தால், குடலையே இழக்க நேரலாம்.

“பெட்டியப் பாத்தாலே எனக்குக் காய்ச்சல் வருது சார்” என்றார் அப்பா.

டாக்டர் பாதிதான் சிரித்தார். “டெஸ்ட்ல வீக்கம் குறையவே இல்ல. ஆனா மலத்துல ரத்தம் நின்னுடுச்சுங்கறீங்க. அதான் இடிக்குது.”

“நின்னுடுச்சு டாக்டர். ஜட்டியிலகூட ஒரு பொட்டு கறை இல்ல. கேட்டாலும் இல்லங்கறா” என்றாள் அம்மா.

முன்பெல்லாம் சிவப்பைப் பார்த்தால் அம்மா கழிவறைச் சுவரில் சாய்ந்து அப்படியே அழுதுவிடுவாள். கொஞ்ச நாளாக அழவில்லை.

அப்பாவின் மடியில் இருந்த குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. அறையோடு ஒட்டியிருந்த கழிவறையை நோக்கி ஓடியது. அம்மா எழுந்தாள்.

“நீ வராத. நானே போயிக்கறேன்.”

கதவு சாத்திக்கொண்டது.

“மகாராணி இப்பல்லாம் யாரையும் உள்ள விடறதில்ல. எல்லாம் சுயராஜ்யம்தான்” என்றார் அப்பா.

அம்மாவின் முகத்தில் பெருமை தெரிந்தது. மாத்திரை அட்டையை டாக்டர் பக்கம் நகர்த்தினாள்.

“இதுவே போதும் டாக்டர்.”

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

உள்ளே ஃப்ளஷ் சத்தம் கேட்டது. தொட்டி நிரம்பும்வரை அமைதி. மறுபடியும் ஃப்ளஷ். மறுபடியும் அமைதி. அடுத்த முறை தண்ணீர் இருமியதே தவிர இறங்கவில்லை.

கதவு ஒரு கை அகலம் திறந்தது. குழந்தை வெளியே வரவில்லை. முகம் மட்டும் தெரிந்தது.

“இங்க சரியாப் போகவே மாட்டேங்குதும்மா.”

அம்மா ஓரடி எடுத்து வைத்தாள்.

“பாக்காதம்மா. நீ அழுவ.”

டாக்டரின் பேனா தாளைத் தொடாமல் நின்றது. அப்பா தரையைப் பார்த்தார்.

அம்மா கதவருகே மண்டியிட்டுக் குழந்தையின் ஈரக் கைகளைத் தன் முந்தானையில் துடைத்தாள். உள்ளே பார்த்தாள்.

அழவில்லை.

“அந்தப் பெட்டிய எழுதுங்க டாக்டர்” என்றாள், திரும்பாமல்.