பொதுமக்களுக்கு மட்டும்

நியாயம் அறிந்த பெருமக்களே, இந்த அநியாயத்தைக் கண்ணாரக் காணுங்கள்! ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்த மாபெரும் குற்றத்திற்காக, தற்காலிகத் தட்டச்சர் ஒருத்தி மேலதிகாரியின் மேசைமுன் நின்றாள். மூன்றாண்டுகளாகக் காத்திருந்த வேலை நிரந்தரமாவதும் பறிபோவதும் அவருடைய ஒரு கையெழுத்தில் இருந்தது.

"நேத்து ஏம்மா வரல?"

"காய்ச்சல் சார். ஒரே இருமல்."

"நம்ம ஹெட் கிளார்க்கைப் பாரு! பத்து நாளா இருமுறாரு. ஒரு நாள் லீவு போட்டாரா?"

"அவர் போடல சார். அவர் பக்கத்துல உக்கார்ற ஆறு பேரும் போட்டுட்டாங்க."

அந்தக் கடமை வீரர் அடுத்த அறையிலிருந்து இருமி, அதை வழிமொழிந்தார்.

"வாய் ரொம்ப நீளுது! காய்ச்சல்னா வீட்டுல படுத்துக்கோன்னு உனக்கு யாரு சொன்னது?"

அவள் தயங்கினாள். பிறகு அவருக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள்.

"நீங்கதான் சார். நீங்க சொல்லச் சொல்ல நான்தானே டைப் அடிச்சேன்?"

அவர் திரும்பிப் பார்த்தார். புத்தம்புதுச் சுவரொட்டி பளபளத்தது. 'காய்ச்சலா? இருமலா? வீட்டிலேயே இருங்கள்; பிறரைக் காப்பாற்றுங்கள்!' அடியில் அவருடைய கையெழுத்து. அதற்கும் கீழே அவருடைய பதவி: தொற்றுநோய்த் தடுப்பு அதிகாரி.

"அட, அது பொதுமக்களுக்கு மட்டும்தாம்மா!" என்று சிரித்தவர், மூக்கைத் துடைத்த கையாலேயே அவளது பணிநீக்க உத்தரவில் கையெழுத்திட்டார்.

பொதுமக்களே! நாளைக் காலையிலேயே அந்தச் சுவரொட்டியை உங்கள் அலுவலகத்திலும் ஒட்டுங்கள். மேலதிகாரியின் முதுகுக்குப் பின்னால் அல்ல, கண்ணுக்கு நேரே ஒட்டுங்கள்!