நாலாவது காயில்

"ரெண்டாயிரத்து நூத்து எழுபது ரூபா பாக்கி நிக்குதும்மா. அதுக்குள்ள நாலாவது காயிலா?"

குளியலறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் உயரத்தில் இருந்த ஹீட்டருக்கு ஏணியைச் சாத்தியபடி மெக்கானிக் கேட்டார்.

"தந்துடறேண்ணே, முதல்ல மாட்டுங்க. ஆனா போன தடவை மாதிரி, டெஸ்ட் பண்றேன்னு கதவைச் சாத்திக்கிட்டு அரை மணி நேரம் உள்ளயே நிக்காதீங்க. அவரு தாங்க மாட்டாரு," என்றாள் வீட்டுக்காரி.

உள்ளே அவள் கணவர் குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்துக்கொண்டிருந்தார்.

"மாசத்துல மூணு காயில் எரிஞ்சா ஹீட்டர் மேல தப்பில்லம்மா. சார் உள்ள குளிக்கிறாரா, குடியிருக்காரா?"

"நக்கல் பண்ணாதீங்க. வயித்துல பச்சைத்தண்ணி தங்கல. ஸ்கேன் எடுத்தாச்சு, வாய் வழியா கேமரா விட்டுப் பாத்தாச்சு. ஒண்ணுமில்லையாம். கொதிக்கக் கொதிக்க ஊத்தினாத்தான் அடங்குது. சாப்பாடு, செல்போன், தூக்கம் எல்லாம் உள்ளதான். நாளைக்கும் லீவு போட்டா ஆபீஸ்ல சீட்டைக் கிழிச்சுடுவாங்க."

ஸ்குரூ டிரைவர் நின்றது.

"கஞ்சா எத்தனை வருஷமா?"

"வாயை அளந்து பேசுங்க! அவரு டீ கூடத் தொடாதவரு!"

உள்ளே ஓங்கரிப்பு நின்றது.

"பதினொரு வருஷம்," என்றது கதவு.

வீட்டுக்காரி கவிழ்த்து வைத்த வாளியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். "டாக்டர்கிட்ட ஏங்க சொல்லல?"

"சிகரெட் உண்டா, குடி உண்டான்னுதானே கேட்டாரு?"

"வருஷக்கணக்கா இழுத்தா சிலருக்கு வயிறு இப்படித்தான் திருப்பி அடிக்கும் சார்," என்றார் மெக்கானிக். "வெந்நீர் அந்த நேரத்துக்கு அடக்கும், அவ்வளவுதான். அதை அடியோட விட்டாத்தான் இது நிக்கும். இன்னைக்கே போய் டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க."

கதவு திறந்தது. துண்டோடு வெளியே வந்த கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். "விட்டுடறேண்ணே."

வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பர்ஸை எடுத்து வந்தாள். "அத்தனை டாக்டருக்கும் பிடிபடாதது உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது? இந்தாங்க, மொத்தப் பாக்கியும்."

மெக்கானிக் காயிலை முடுக்கி, சுவிட்சைப் போட்டு, சிவப்பு விளக்கு அணையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு பையில் ஸ்பானர்களுக்கு அடியிலிருந்து ஒரு துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பணத்தை நீங்களே வச்சுக்குங்கம்மா. பாக்கி தீந்துபோச்சு. டெஸ்ட் மட்டும் பண்ணிக்கிறேன்."

தாழ்ப்பாள் விழுந்தது. வெந்நீர் கொட்டியது. கணவனும் மனைவியும் வெளியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, உள்ளே அதே ஓங்கரிப்பு ஆரம்பித்தது.